உறவினரோ நண்பரோ பண உதவி கேட்கும்போது: இரக்கத்தையும் தற்காப்பையும் சேர்த்துக் காப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பணம் கேட்டு வருபவர் பெரும்பாலும் நாம் நேசிப்பவராகவே இருக்கிறார். தங்கை கணவர், பழைய வகுப்புத் தோழர், பக்கத்து வீட்டு அக்கா, உடன் வேலை செய்பவர் என்று யாராக இருந்தாலும், கேட்பதற்கு முன்பே அவர் பல நாள் தயங்கியிருப்பார். அந்தத் தயக்கத்தைப் பார்த்தவுடன் மனம் இளகுவது இயல்பு. ஆனால் இளகிய அந்த நேரத்திலேயே பதில் சொல்லிவிடுவதால்தான், உதவியவரின் குடும்பமும் உதவி பெற்றவரின் குடும்பமும் சேர்ந்து நொடிந்துபோகும் நிலை வருகிறது.

பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் ஒன்றில் கடன் விண்ணப்பங்களையும் ஜாமீன் படிவங்களையும் கையாண்ட அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். அங்கு நான் மீண்டும் மீண்டும் கண்டது, உதவ நினைத்தவர்கள் செய்தது தவறான செயல் அல்ல, சரியான செயல்களைத் தவறான வரிசையில் செய்தார்கள் என்பதே. முதலில் சம்மதம் சொல்கிறார்கள், பிறகு தொகையைக் கேட்கிறார்கள், அதன் பிறகு வீட்டில் சொல்கிறார்கள், கடைசியாக, அதுவும் சிக்கல் வந்த பின், எழுத்து வேண்டும் என்று நினைக்கிறார்கள். கீழே உள்ள படிகள் ஏறத்தாழ அதற்கு நேர் எதிரான வரிசையில் அமைந்தவை.

1. யாரும் கேட்பதற்கு முன்பே உங்கள் எல்லையைக் கணக்கிடுங்கள்

இதை அமைதியான ஒரு நாளில் செய்ய வேண்டும். ஒருவர் எதிரில் அமர்ந்து கண்கலங்கும்போது எந்தக் கணக்கும் நேர்மையாக வராது.

ஒரு தாளில் குடும்பத்தின் மாதச் செலவு, உங்கள் சொந்தத் தவணைகள், பிள்ளைகளின் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவற்றை எழுதுங்கள். குறைந்தது ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியே ஒதுக்குங்கள். ஒதுக்கிய பின் மீதமிருப்பதில், முழுவதும் திரும்பி வராமல் போனாலும் வீட்டில் எந்தக் காரியமும் நின்றுபோகாது என்று சொல்லத்தக்க தொகை எவ்வளவோ, அதுவே உங்கள் எல்லை. அது ஐயாயிரமாக இருக்கலாம், ஐம்பதாயிரமாகவும் இருக்கலாம், சில ஆண்டுகளில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சிறிய எல்லை உடையவரின் இரக்கம் சிறியது என்று பொருளாகாது.

வருங்கால வைப்பு நிதி முன்பணம், பிள்ளையின் பெயரிலுள்ள வைப்பு, காப்பீட்டுப் பாலிசியை ஒப்படைத்துப் பெறும் தொகை ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேறொருவரிடம் வட்டிக்கு வாங்கிக் கொடுப்பதை அறவே விலக்குங்கள். ‘கடன் வாங்கிக் கடன் கொடுத்தவனும் கெட்டான், மரம் ஏறிக் கைவிட்டவனும் கெட்டான்’ என்ற பழமொழி இந்த ஒரு காரியத்துக்காகவே பிறந்தது.

2. வீட்டாரோடு பொதுவான ஒரு முடிவை முன்கூட்டியே எடுங்கள்

கணவனும் மனைவியும், வருமானம் ஈட்டும் வயதுவந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களும், இரண்டு கேள்விகளுக்கு முன்பே விடை கண்டிருக்க வேண்டும். எவ்வளவு தொகை வரை ஒருவர் தனியாக முடிவெடுக்கலாம்? ஜாமீன் கையெழுத்தைப் பற்றி இந்தக் குடும்பத்தின் நிலை என்ன?

இந்த முடிவு இருந்தால், “வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன்” என்ற வார்த்தை சாக்காக இல்லாமல் உண்மையாகவே இருக்கும். மறைத்துக் கொடுக்கப்பட்ட பணம் திரும்பி வந்தால்கூட, மறைத்தது தெரியவரும் நாளில் வீட்டுக்குள் விழும் விரிசல் எளிதில் ஆறுவதில்லை.

3. கேட்கப்படும் நாளில் முழுமையாகச் செவிகொடுங்கள், ஆனால் விடையைத் தள்ளிவையுங்கள்

பணம் கேட்பவருக்குப் பணத்துக்கு முன்பே தேவைப்படுவது, குறுக்கிடாமல் கேட்கும் ஒரு மனிதர். எனவே பாதியில் நிறுத்தி அறிவுரை சொல்லாதீர்கள். பேசி முடித்த பின், “இரண்டு நாள் கொடுங்கள், என்னால் ஆனதைப் பார்த்துச் சொல்கிறேன்” என்று நாளைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். சொன்ன நாளில் நீங்களே அழைத்துப் பேசுங்கள். அவரை இரண்டாம் முறை கேட்க வைப்பது, மறுப்பதைவிடவும் அவரைப் புண்படுத்தும்.

விபத்து, அவசரச் சிகிச்சை போன்றவை இதற்கு விதிவிலக்கு. அப்போதும் உங்கள் எல்லைக்குள் உள்ள தொகையை உடனே கொடுத்துவிட்டு, எல்லைக்கு மேற்பட்டதைப் பற்றி மட்டும் பிறகு பேசலாம்.

கோரிக்கை வாட்ஸ்அப்பிலோ முகநூலிலோ வந்திருந்தால், அவருடைய பழைய எண்ணில் அழைத்து, குரலைக் கேட்டு உறுதிசெய்யாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பழக்கமானவரின் படத்தை வைத்து அவசரம் என்று பணம் பறிப்பது இன்று மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கும் வாய்ப்பு உண்டு.

பேச்சில் வாழ்வே வெறுத்துவிட்டது என்ற தொனி தென்பட்டால், கடன் கணக்கை அப்படியே ஒதுக்கிவைத்துவிட்டு அவருடன் இருங்கள். டெலி மானஸ் எண் 14416, தமிழ்நாட்டின் 104 ஆகியவற்றில் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும். அந்த நேரத்தில் பணம் கொடுப்பதா வேண்டாமா என்பது இரண்டாம் கேள்வி.

4. தொகைக்குப் பின்னால் இருக்கும் தேவையைக் கண்டுபிடியுங்கள்

‘ஒரு லட்சம் வேண்டும்’ என்பது தொகை. அது எதற்கு, யாரிடம், எந்தத் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டும் என்பதே தேவை. இதைக் கேட்பதைப் பலர் நாகரிகக் குறைவாக நினைக்கிறார்கள். மரியாதையோடு கேட்டால் இது அக்கறையின் வெளிப்பாடுதான். மேலும், உண்மையான தேவை தெரிந்த பின் தேவைப்படும் தொகை குறைந்துவிடுவதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

மருத்துவச் செலவு என்றால், அந்தக் குடும்பம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கு அதில் இடமுண்டு. கல்லூரிக் கட்டணம் என்றால், இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணையமோ மூன்றாம் நபரின் ஜாமீனோ தேவையில்லை, பெற்றோர் இணைக் கடனாளியாக (சேர்ந்து கடன் வாங்குபவராக) கையெழுத்திட்டால் போதும். இவற்றுக்காக ஒரு நாள் விடுப்பு எடுத்து அவருடன் அலைவது, சில வேளைகளில் பணம் கொடுப்பதைவிடப் பெரிய உதவியாகிறது.

கந்துவட்டிக்காரருக்குக் கட்ட வேண்டும் என்றால் கூடுதல் கவனம் தேவை. வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருக்க நீங்கள் பணம் கொடுத்தால், அது அடுத்த மாதமும் கேட்கப்படும். அசலை முழுமையாக முடித்து, எழுதிக் கொடுத்த பத்திரத்தையும் காசோலையையும் கையோடு திரும்பப் பெற முடிந்தால் மட்டுமே அந்தப் பணம் பயன்படும். மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தடைசெய்யும் அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் அளிக்க அவருடன் செல்வதும் உதவிதான்.

5. உதவியின் வடிவத்தைத் தீர்மானித்த பிறகே தொகையைப் பேசுங்கள்

எல்லா உதவியும் மூன்று வடிவங்களில் ஒன்றாக இருக்கும். திரும்ப வாங்காத கொடை, திரும்ப வாங்கும் கைமாற்று, உங்கள் பெயரையோ கையெழுத்தையோ நகையையோ கொடுப்பது. புதியவர்கள் இவற்றின் எடையைத் தலைகீழாக மதிப்பிடுகிறார்கள். கையிலிருந்து பணம் போவதால் கொடையைக் கடினமானதாகவும், பணமே போகாததால் கையெழுத்தை எளிதானதாகவும் நினைக்கிறார்கள். கொடைக்கும் கைமாற்றுக்கும் இழப்பின் உச்சவரம்பு அன்றே தெரிந்துவிடும். கையெழுத்துக்கு அப்படி இல்லை: வட்டி, அபராத வட்டி, வழக்குச் செலவு எல்லாம் அதன்மேல் ஏறும்.

என் உறுதியான பரிந்துரை இது. கேட்பவருக்குத் திருப்பித் தரும் வழியே இல்லை என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தால், கடன் என்று பெயரிடாதீர்கள். ஒரு லட்சம் கேட்பவருக்கு, “பத்தாயிரம் வைத்துக்கொள்ளுங்கள், இதைத் திருப்பித் தர வேண்டாம்” என்று சொல்லிக் கொடுங்கள். வராது என்று தெரிந்தே கடனாகக் கொடுத்துவிட்டு, பின்னர் திருமண வீட்டில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வது இருவருக்குமே கொடுமை. அவரும் கடன்பட்டவர் என்ற கூச்சத்தால் உங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிடுவார்.

கொடையாகவோ கைமாற்றாகவோ எதைத் தீர்மானித்தாலும், இயன்ற இடத்தில் பணத்தை நேரடியாக மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ வீட்டு உரிமையாளருக்கோ செலுத்துங்கள். இது அவநம்பிக்கையால் சொல்வதல்ல. நெருக்கடியில் இருப்பவரின் கையில் விழும் பணத்தை அதிகமாகச் சத்தம் போடும் கடன்காரர் பறித்துக்கொள்வார், எந்தத் தேவைக்காகக் கேட்டாரோ அது அப்படியே நிற்கும்.

6. ஜாமீன் கையெழுத்து: போடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

“கையெழுத்துத்தானே கேட்கிறான், பணமா கேட்கிறான்” என்ற வார்த்தையோடுதான் பெரும்பாலான ஜாமீன்கள் தொடங்குகின்றன. எனவே இந்தப் படியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. கடன் வாங்கியவரிடம் முதலில் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. பாங்க் ஆஃப் பீகார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெளிவுபடுத்திவிட்டது: வங்கி நேரடியாக ஜாமீன்தாரரிடமே வரலாம். நாங்கள் ஒவ்வொரு மாதமும் கண்டதும் இதைத்தான். கடன் வாங்கியவர் பணியிலிருந்து விலகிவிட்டால், தவணை ஜாமீன்தாரரின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. மாதத் தவணைகளை முழு வாழ்க்கைத் திட்டத்தோடு பொருத்தி வைத்திருந்த குடும்பத்துக்கு அது பேரிடி.

இரண்டு ஜாமீன்தாரர்கள் இருந்தால் ஆளுக்குப் பாதி என்பதும் பாதி உண்மைதான். அந்தப் பங்கீடு ஜாமீன்தாரர்கள் தமக்குள் செய்துகொள்ள வேண்டியது. கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம், பணம் கட்டியவர்தான் மற்றவரிடம் பாதியைக் கேட்டு அலைய வேண்டும். ஜாமீன்தாரர் இறந்துவிட்டாலும், அதற்கு முன்பே ஏற்பட்ட கடனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து பொறுப்பாகும். மேலும், நீங்கள் ஜாமீன் நின்ற கடன் உங்கள் கடன் தகவல் அறிக்கையிலும் (சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் தருவது) பதிவாகும், உங்கள் சொந்த வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அது கணக்கில் எடுக்கப்படும்.

இவை எல்லாம் தெரிந்த பின்னும் கையெழுத்திட விரும்பினால், பின்வரும் சோதனையைச் செய்யுங்கள். மொத்தக் கடனையும் நீங்களே கட்ட நேர்ந்தால், முதல் படியில் வகுத்த எல்லைக்குள் அது அடங்குமா? அடங்கினால் போடலாம். அடங்காவிட்டால், எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் போடாதீர்கள்.

போடும்போது படிவத்தின் எந்த இடமும் வெற்றாக இருக்கக் கூடாது. தொகை, வட்டி விகிதம், காலம் ஆகியவை நிரப்பப்பட்ட பின்னரே கையெழுத்திட்டு, நகலைக் கேட்டு வாங்குங்கள். ‘ஜாமீன்தாரர்’ என்று சொல்லி ‘இணைக் கடனாளி’ என்ற இடத்தில் கையெழுத்து வாங்கப்படுகிறதா என்று பாருங்கள். கடனுக்கு ஆயுள் காப்பீடு இணைக்கப்பட்டுள்ளதா என்று கேளுங்கள், ஏனெனில் கடன் வாங்கியவர் இறந்துபோனால் அந்தச் சுமை ஜாமீன்தாரர்மீது விழாமல் தடுப்பது அதுதான். காசுக்கடன் (வரம்புக்குள் எடுத்தும் கட்டியும் வரும் வங்கிக் கடன்) போன்றவற்றுக்கான தொடர் ஜாமீனாக இருந்தால், இனி வரும் பரிவர்த்தனைகளுக்குப் பொறுப்பேற்க இயலாது என்று எழுத்து மூலம் அறிவித்து விலக ஒப்பந்தச் சட்டத்தின் 130ஆம் பிரிவு இடம் தருகிறது, ஆனால் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அதைக் கட்டுப்படுத்துகிறதா என்பதையும் படித்துப் பாருங்கள். ஏற்கெனவே ஏற்பட்ட கடனிலிருந்து இந்த அறிவிப்பு உங்களை விடுவிக்காது.

சீட்டு எடுத்தவருக்கு ஜாமீன் நிற்பதும் இதே எடையுள்ளதுதான். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை மற்றவருக்காகக் கொடுப்பது அதைவிட ஆபத்தானது. ஒருவர் தானாக விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைக்கும், அது கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்ற சட்ட அனுமானம் பொருந்தும் என்று 2019இல் பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த அனுமானத்தை உடைக்கும் சுமை கையெழுத்திட்டவர்மீதே இருக்கும்.

7. நகையையும் பெயரையும் இரவல் கொடுப்பது

“நகையைக் கொடு, அடகு வைத்துவிட்டு மூன்று மாதத்தில் மீட்டுத் தருகிறேன்” என்ற கோரிக்கை பெண்களிடமே அதிகம் வருகிறது. கேட்பவரின் பெயரில் அடகு வைக்கப்பட்டால், ரசீது அவருடையது, மீட்கும் உரிமை அவருடையது, ஏல அறிவிப்பும் அவருடைய முகவரிக்கே செல்லும். நகை ஏலத்துக்குப் போனதை உரிமையாளர் கடைசியாகத் தெரிந்துகொள்வார். கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில், நீங்களே உங்கள் பெயரில் அடகு வைத்து, ரசீதை உங்களிடம் வைத்துக்கொண்டு, பணத்தைக் கைமாற்றாக எழுதிக் கொடுங்கள். வட்டிச் சுமை உங்களுடையதாகும் என்பது உண்மைதான், ஆனால் நகை உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்.

மகளிர் குழுவில் பக்கத்து வீட்டாருக்காக உங்கள் பெயரில் கடன் எடுப்பது, தவணையில் அவருக்குக் கைபேசியோ வண்டியோ வாங்கிக் கொடுப்பது ஆகிய இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். ஏட்டில் கடனாளி நீங்கள் மட்டுமே.

8. கைமாற்றை எழுத்தில் கொண்டுவாருங்கள்

எழுதக் கேட்பது நம்பிக்கையின்மை என்ற எண்ணத்தை விடுங்கள். இருவரில் ஒருவருக்கு ஏதேனும் நேர்ந்தால், விவரம் அறியாத இரு குடும்பங்கள் ஒன்றையொன்று சந்தேகிக்காமல் இருப்பதற்காகவே எழுத்து. “நாளைக்கு நம் பிள்ளைகளுக்கு மனத்தாங்கல் வரக் கூடாது, ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்வோம் அண்ணா” என்று சொன்னால் மறுப்பவர் குறைவு.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், குறிப்பில் ‘கைமாற்று’ என்று எழுதுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் பெறுவதை வருமான வரிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. அபராதம் விழுவது வாங்கியவர்மீதுதான், எனவே வங்கி வழியே கொடுப்பது அவருக்கும் பாதுகாப்பு.

எழுதி வாங்கும் சீட்டு புரோநோட்டாக (கடன் உறுதிச் சீட்டாக) இருந்தால், அதில் தேதி, எண்ணிலும் எழுத்திலும் தொகை, வட்டி உண்டானால் அதன் விகிதம், கேட்கும்போது திருப்பித் தருவதாக உறுதிமொழி ஆகியவை இருக்க வேண்டும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் படும்படி அவர் கையெழுத்திட வேண்டும். முத்திரை இல்லாத புரோநோட்டைப் பின்னர் அபராதம் கட்டிச் சரிசெய்து சாட்சியமாக்க முடியாது, இதை அறியாமல் தவறவிட்டவர்கள் ஏராளம். சாட்சிக் கையெழுத்து கட்டாயமில்லை, இருந்தால் நல்லது.

இத்தகைய புரோநோட்டுக்குக் காலவரையறை எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். அந்தக் காலத்துக்குள் அவர் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தால், சீட்டின் பின்புறம் தேதியோடு வரவு எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள், அன்றிலிருந்து புதிய மூன்றாண்டுகள் தொடங்கும். வரவை நீங்களே எழுதி, அவர் கையெழுத்து இல்லாமல் விட்டுவிடுவது பொதுவான பிழை.

9. மறுக்க வேண்டியிருந்தால்

காரணங்களை அடுக்காதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் கேட்பவரிடம் ஒரு தீர்வு இருக்கும். “ஜாமீன் போடுவதில்லை என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம் தம்பி, உனக்கு மட்டுமல்ல, யாருக்கும் போடுவதில்லை. ஆனால் இந்த மாதம் பாப்பாவின் பள்ளிக் கட்டணத்தை நான் கட்டிவிடுகிறேன்” என்பது போல, முடியாததையும் முடிந்ததையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். முடிந்தது ஒன்றுமே இல்லையென்றால், இல்லாததை இருப்பதாகக் காட்டி நாளைக் கடத்தாதீர்கள். அவர் வேறு வழி தேடும் நேரத்தை நீங்கள் விழுங்கிவிடுவீர்கள்.

அவர் பணம் கேட்டதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். இதில் எந்த விலக்கும் இல்லை.

10. தவணை தவறும்போது

தவணை நாளுக்கு ஒரு வாரம் முன்பு இயல்பாக நினைவூட்டுங்கள். நாள் தவறினால் உடனே பேசுங்கள். மாதக்கணக்கில் மௌனமாக இருந்துவிட்டு ஒரு நாள் கோபத்தோடு கேட்பதுதான் உறவை முறிக்கிறது. உண்மையாகவே அவருக்கு இயலவில்லை என்று தெரிந்தால், தவணையைச் சிறிதாக்குங்கள், ஆனால் புதிய கடன் கேட்டால் பழையது முடியும் வரை கொடுக்காதீர்கள்.

மூன்றாண்டு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, தொகை நிலுவையில் இருப்பதை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். மறுத்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், வழக்குக்கு முன்பே சமரசம் பேச அங்கு வழியுண்டு. உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கிடைக்கும். அவர் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பியிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும், அது கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் செலுத்தாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் அளிக்க வேண்டும்.

ஜாமீன்தாரராக நீங்கள் பணம் கட்ட நேர்ந்தால், ஒவ்வொரு ரசீதையும் உங்கள் பெயரில் வாங்குங்கள். கட்டிய தொகையைக் கடன் வாங்கியவரிடமிருந்து மீட்கும் உரிமையும், முழுக் கடனையும் தீர்த்த பின் கடன் கொடுத்தவர் வைத்திருந்த பிணையங்கள் மீதான உரிமையும் சட்டப்படி உங்களுக்கு வந்து சேரும். ரசீது இல்லாமல் இவற்றை நிலைநாட்டுவது கடினம்.

கடனைத் தள்ளுபடி செய்ய நீங்கள் முடிவெடுத்தால், அதை மனத்துக்குள் வைத்துக்கொள்ளாமல் அவரிடம் வாய்திறந்து சொல்லிவிடுங்கள். சொல்லாத மன்னிப்பால் அவர் இன்னும் கடனாளியாகவே உங்களைத் தவிர்த்துக்கொண்டிருப்பார்.

11. கணக்கை முறையாக முடியுங்கள்

முழுத் தொகையும் வந்தவுடன், புரோநோட்டில் ‘முழுவதும் வரவாகி முடிந்தது’ என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டு, மூலத்தை அவரிடமே திருப்பிக் கொடுங்கள், உங்களிடம் ஒரு நகல் மட்டும் இருக்கட்டும். ஜாமீன் நின்றிருந்தால், கடன் முடிந்ததற்கான நிலுவையின்மைச் சான்றின் நகலை வாங்கிவையுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து உங்கள் கடன் தகவல் அறிக்கையை எடுத்து, அந்தக் கடன் முடிந்ததாகக் காட்டப்படுகிறதா என்று சரிபாருங்கள். இல்லையென்றால் சான்றை இணைத்து, கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் திருத்தம் கோரி எழுதுங்கள்.